ஒரு பூவுக்கு இரண்டு விதை

மார்ச் மாதத்தில் ஒரு நல்ல மழை விழுந்தால், ஒன்பது பத்து நாளில் காப்பி மலை முழுக்க வெள்ளையாகிவிடும். மல்லிகை வாசம் மாதிரி ஒரு வாசம் காலையில் வீட்டுக்குள்ளேயே வந்து எழுப்பும். தோட்டக்காரருக்கு அது விளைச்சலின் முதல் சேதி. காப்பியில் புதிய ரகம் உண்டாக்குகிறவருக்கோ அன்றைக்கு வேலை பாதி முடிந்திருக்க வேண்டும். அவருடைய நாள் அதற்கு முந்தின நாள்.

அன்று அரும்புகள் நீண்டு, வெளுத்து, சின்ன மெழுகுவத்திகள் போலக் கணுவில் கொத்தாக நிற்கும். இடுக்கியால் அரும்பின் குழலைப் பிடித்து மெதுவாக இழுத்தால் இதழ்க் குழல் முழுசாகக் கழன்று வரும். மகரந்தப் பைகள் ஐந்தும் அந்தக் குழலின் வாயிலேயே ஒட்டியிருப்பதால் அவையும் கூடவே வந்துவிடும். மிஞ்சுவது நுனியில் இரண்டாகப் பிளந்த சூல்தண்டு மட்டும். கிளையை உறையால் மூடிக் கட்டுகிறார்கள். மறுநாள் அப்பன் செடியிலிருந்து எடுத்த மகரந்தத்தைத் தடவி, மறுபடி மூடி, எந்தச் செடியோடு எந்தச் செடி என்று எழுதிய சீட்டைக் கட்டிவிட்டு அடுத்த கிளைக்குப் போக வேண்டும். அராபிகா இனமானால் பழம் பழுக்க எட்டு ஒன்பது மாதம் ஆகும். ஒரு பழத்துக்குள் இரண்டு விதை. ஒரு பூவோடு அவ்வளவு மல்லுக்கட்டியதற்குக் கிடைத்தது அதுதான்.

இத்தனை பாடு எதற்கு? அராபிகா தன் மகரந்தத்தாலேயே தான் சூல் கொள்கிற செடி. பூ விரியும்போதே காரியம் பெரும்பாலும் முடிந்துவிடும். வேறொரு செடியின் குணத்தை அதற்குள் புகுத்த வேண்டுமென்றால் முந்திக்கொள்வதைத் தவிர வழியில்லை. இந்தக் குணத்தால் விவசாயிக்கு ஒரு பெரிய வசதியும் உண்டு. நல்ல அராபிகாச் செடியின் விதையை எடுத்துப் போட்டால் பெரும்பாலும் தாயைப் போலவே பிள்ளை வரும். ரோபஸ்டா என்ற மற்றொரு காப்பி இனம் அப்படியில்லை. அது தன் மகரந்தத்தை ஏற்காது. பக்கத்துச் செடியின் மகரந்தம் வேண்டும். ஆகவே விதை போட்டு வளர்த்த ரோபஸ்டாத் தோட்டத்தில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு முகம்.

தாயைப் போலவே பிள்ளை என்பது வசதி, அதுவே ஆபத்தும். அராபிகா என்ற இனமே ஒரு கலப்பில் பிறந்ததுதான். ரோபஸ்டாவும் யூஜினியாய்டஸ் என்ற இன்னொரு காட்டுக் காப்பியும் கலந்ததால் வந்த செடி அது. பெற்றோர் இருவருக்கும் 22 குரோமோசோம்கள், அராபிகாவுக்கு 44. அந்தக் கலப்பு மூன்றரை லட்சத்திலிருந்து ஆறு லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்திருக்கும் என்று 2024இல் வெளிவந்த மரபணுத்தொகுதி ஆய்வு கணக்கிடுகிறது. அதற்குப் பிறகு எண்ணிக்கை பலமுறை சுருங்கி, இனத்துக்குள் வேற்றுமை குறைந்துபோனது. மனிதன் கைக்கு வந்தபின் இன்னும் சுருங்கியது. பாபா புதன் என்ற சூஃபி ஞானி ஏழு விதையை ஏமனிலிருந்து கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது ஐதீகம். ஐதீகத்தை விட்டுவிட்டாலும், டச்சுக்காரர்கள் மலபாரிலிருந்து ஜாவாவுக்குச் செடி கொண்டுபோனதும், ஜாவாவிலிருந்து 1706இல் ஆம்ஸ்டர்டாமுக்கு ஒரு செடி போனதும், அதன் வழிவந்த ஒன்று பிரெஞ்சு மன்னருக்குப் பரிசாகி, பிறகு மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறியதும் வரலாறு. அமெரிக்கக் கண்டத்தில் முதலில் பரவிய காப்பித் தோட்டங்களில் பெரும்பகுதி அந்த ஒற்றைச் செடியின் கொடிவழி. கோடிக்கணக்கான செடிகளுக்கு ஒரே உடல்வாகு என்றால், ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும்.

அந்த நோய் 1869இல் இலங்கையில் கண்ணில் பட்டது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் பொடி. விரலால் தொட்டால் மஞ்சளைத் தொட்டதுபோல ஒட்டிக்கொள்ளும். இலைத்துரு என்கிறோம். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார் ஆங்கிலப் பூஞ்சையியல் அறிஞர் பெர்க்லி. முதற்பாதிக்கு ‘பாதி வழவழப்பு’ என்று பொருள்; வித்தின் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். பிற்பாதிக்குப் பாழாக்குவது என்று பொருள். பெயர் பொய்க்கவில்லை. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆராய்ச்சியாளர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். வித்து ஈரத்தில் முளைத்து இலையடி மூச்சுத் துளைகள் வழியாக உள்ளே போகிறது என்பதையெல்லாம் துல்லியமாகச் சொன்னார். மருந்துதான் அவரிடம் இல்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவை பிரான்சில் வெளியானதே 1885இல்தான். அதற்குள் இலங்கைக் காப்பி அநேகமாக முடிந்துவிட்டது.

துரு வந்ததால்தான் வெள்ளைக்காரன் தேநீருக்கு மாறினான் என்று ஒரு கதை ஊர் ஊராக உலவுகிறது. அவன் அதற்கு நூறு வருஷம் முன்பே தேநீர்தான் குடித்துக்கொண்டிருந்தான். துரு உண்மையாக மாற்றியது வேறொன்றை. காப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் அறுப்புக்குப் போய்த் திரும்பும் கூட்டம்; மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து, பழம் எடுத்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு அப்படிப் பருவம் கிடையாது. ஆண்டு முழுக்கக் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும். லயம் எனும் வரிசைக் குடியிருப்புகளில் குடும்பமாகத் தங்கிப்போனார்கள். மலையகத் தமிழர் என்றொரு சமூகம் அங்கே வேரூன்றியதற்குப் பின்னால் இந்தப் பூஞ்சையும் இருக்கிறது. காப்பியில் நோய் தாங்கும் ரகம் ஒன்று அப்போது இருந்திருந்தால் என்று யோசித்துப் பார்க்கலாம். விடை சொல்ல முடியாது.

துரு தென்னிந்தியாவுக்கும் உடனே வந்தது. ஆனால் இங்கே காப்பி அழியவில்லை. மர நிழலில் வளர்த்ததும், மழையற்ற நீண்ட கோடையும் கொஞ்சம் கைகொடுத்தன. மீதியை ரகங்கள் பார்த்துக்கொண்டன. 1911இல் மைசூர்ப் பகுதியில் தொட்டெங்குட்டா என்ற எஸ்டேட்டில் கென்ட் என்ற துரை, சுற்றிலும் செடிகள் துருவேறி நிற்க, ஒரு செடி மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்தார். அதன் விதை ‘கென்ட்ஸ்’ என்ற பெயரில் பரவி ஆப்பிரிக்காவரை போயிற்று. சில ஆண்டுகள் நன்றாக இருந்தது. பிறகு அதுவும் துருவுக்கு மடங்கத் தொடங்கியது.

ஏன் மடங்கியது என்பதற்கு விடை பாளெஹொன்னூரில் கிடைத்தது. சிக்கமகளூர் மாவட்டத்தில் பத்ரா நதிக்கரையில் 1925இல் தொடங்கிய காப்பி ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. வில்சன் மேய்ன் என்ற ஆராய்ச்சியாளர் 1930களில் அங்கே ஒன்றைக் காட்டினார்: துரு ஒன்றல்ல. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் பூஞ்சைக்குள் வேறு வேறு வர்க்கங்கள் இருக்கின்றன. கென்ட்ஸை ஒன்று தொடாது, மற்றொன்று தின்றுவிடும். ரகம் கெட்டுப்போகவில்லை, அதைத் தின்னத் தெரிந்த வர்க்கம் பெருகிவிட்டது. காப்பி ஆராய்ச்சியில் நம் பக்கத்திலிருந்து போன பெரிய கண்டுபிடிப்பு இது என்பேன். இன்று உலகெங்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட துரு வர்க்கங்களை எண்ணி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கின் முதல் வரி பாளெஹொன்னூரில் எழுதப்பட்டது.

அராபிகாவுக்குள் கிடைக்கிற எதிர்ப்பு போதாது என்பது இதிலிருந்து புரிந்தது. வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். கொண்டுவருவது எப்படி? 44 குரோமோசோம் உள்ளதையும் 22 உள்ளதையும் சேர்த்தால் பிள்ளைக்கு 33 வரும். அது பெரும்பாலும் மலடு. இந்த இடத்தில் ஆராய்ச்சிக்கு முன்னே இயற்கை போய் நின்றது. தூப்ளா என்ற எஸ்டேட்டில் அராபிகாவும் லைபீரிகா என்ற பெருமரக் காப்பியும் தாமாகக் கலந்து பிறந்த செடி ஒன்று கிடைத்தது, எஸ்.26 என்று எண் கொடுத்தார்கள். அதன் சந்ததியில் பொறுக்கியது எஸ்.288. துருவைத் தாங்கியது, கொட்டைதான் சரியில்லை, ஊனக் கொட்டைகள் அதிகம். கென்ட்ஸுக்குத் துரு தாங்காது. கொட்டையும் குடிசுவையும் அருமை. இரண்டையும் சேர்த்ததில் பிறந்த எஸ்.795, 1940களின் நடுவில் தோட்டங்களுக்கு வந்தது.

எஸ்.795க்குத் துரு எதிர்ப்பு இன்று பழைய அளவில் இல்லை. அதைத் தின்னும் வர்க்கங்கள் எப்போதோ வந்துவிட்டன. இருந்தும் இந்திய அராபிகாத் தோட்டங்களில் மிக அதிகமாகப் பார்க்கக்கூடிய ரகம் இன்னும் அதுதான். இந்தோனேசியாவிலும் ‘ஜெம்பர்’ என்ற பெயரில் நிற்கிறது. போர்டோ கலவை அடித்தாவது வைத்துக்கொள்வேன் என்று விவசாயி சொல்கிற ரகம் அது. அகன்று விரியும் செடி, ஆழமான வேர், வறட்சியில் சமாளிக்கும், ஒரு வருஷம் கவாத்துத் தவறினாலும் மன்னிக்கும், கோப்பையில் குறை சொல்ல முடியாது. துருவுக்காக உண்டாக்கிய ரகம், துருவை எதிர்க்கும் வலு தேய்ந்த பின்பும் நிற்கிறது. ஒரு ரகத்தின் தகுதியை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. எதிர்ப்பு ஒரு நாள் உடையும் என்பது தெரிந்ததே. உடைந்த மறுநாள் விவசாயி அதைப் பிடுங்குகிறாரா, வைத்துக்கொள்கிறாரா?

பிடுங்கியதற்கும் நம்மிடம் உதாரணம் உண்டு. அதன் கதை திமோர் தீவில் தொடங்குகிறது. 1927இல் நட்ட ஒரு தோட்டத்தில் அராபிகாவும் ரோபஸ்டாவும் தாமாகவே கலந்து பிறந்த செடி ஒன்று இருந்தது. அபூர்வமாக அதற்கு 44 குரோமோசோம். அராபிகாவோடு தாராளமாகச் சேரும், ரோபஸ்டாவின் துரு எதிர்ப்பும் உள்ளே இருக்கும். திமோர் ஹைபிரிட் என்று பெயர். போர்ச்சுகலில் ஒயராஸ் என்ற ஊரில் 1955இல் காப்பித் துருவுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். காப்பியே விளையாத நாடு என்பதால் உலகத்துத் துரு வர்க்கங்களையெல்லாம் அங்கே பயமில்லாமல் வளர்க்கலாம். அங்கே 1959இல் கட்டூரா என்ற குட்டை ரகத்தோடு திமோர் ஹைபிரிட்டைச் சேர்த்தார்கள். அதிலிருந்து வந்தவை கட்டிமோர் ரகங்கள். அந்த வழியில் நமக்கு வந்தது காவேரி.

காவேரி 1980களில் வந்தபோது இருந்த ஆசை கொஞ்சமில்லை. குட்டைச் செடி, நெருக்கி நடலாம், மூன்றாம் வருஷமே கொத்துக் கொத்தாகக் காய்க்கும், துரு அண்டாது. காய்த்தது, சக்திக்கு மீறிக் காய்த்தது. இலை உதிர்ந்து, கிளை நுனி கருகி, நல்ல உரமும் நிழலும் கவனிப்பும் இல்லாத தோட்டங்களில் செடி சில வருஷத்திலேயே ஓய்ந்தது. துருவும் கொஞ்ச காலத்தில் உள்ளே வழி கண்டுபிடித்தது. எதிர்ப்பு போன பிறகு வைத்துக்கொள்ளக் காரணம் இல்லாமல் போனது. பல தோட்டங்களில் காவேரி நின்ற இடத்தில் மறுபடி எஸ்.795 ஊன்றினார்கள். பின்னால் 2007இல் வெளியான சந்திரகிரியும் குட்டைதான், திமோர் ஹைபிரிட் வழிதான். ஆனால் இன்னொரு பெற்றோர் வில்லா சார்ச்சி என்ற ரகம். இலை பெரிது, செடி திடமானது, கொட்டையும் பருமன். அதன் எதிர்ப்பும் ஒரு நாள் தேயும். அன்றைக்கு அது நிற்குமா என்பதைச் சொல்ல இன்னும் வருஷம் போதவில்லை.

கொலம்பியாக்காரர்கள் இந்தத் தேய்மானத்தை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். சின்சினா ஊரில் 1938 முதல் இயங்கும் செனிகஃபே ஆராய்ச்சி நிலையம், நாட்டுக்குள் துரு வராதபோதே கட்டூராவையும் திமோர் ஹைபிரிட்டையும் சேர்த்துப் பல தலைமுறை வளர்த்து, 1982இல் ‘கொலம்பியா’ ரகத்தை வெளியிட்டது. துரு வந்தது 1983இல். வெள்ளம் வருமுன் அணை போடுவது என்பார்களே, அது இதுதான். இன்னொரு சூட்சுமமும் செய்தார்கள். ஒரே சந்ததியைக் கொடுக்காமல், பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் பல சந்ததிகளின் விதையைக் கலந்து கொடுத்தார்கள். ஒரு துரு வர்க்கம் சில செடிகளை வீழ்த்தினாலும் பக்கத்துச் செடி வேறு பூட்டு வைத்திருக்கும். 2005இல் வந்த காஸ்டில்யோ ரகமும் அதே வழி. இவ்வளவு இருந்தும் விவசாயிகளில் பெரும்பாலோர் பழைய கட்டூராவையே வைத்திருந்தார்கள். 2008 முதல் சில வருஷம் மழை கொட்டித் துரு வெடித்தபோது, 1.1 கோடி மூட்டைக்கு மேல் எடுத்த நாடு 80 லட்சம் மூட்டைக்கும் கீழே இறங்கியது. அதன் பிறகே மறுநடவு வேகம் பிடித்தது. ரகம் ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பதால் நாடு பிழைப்பதில்லை.

மத்திய அமெரிக்காவில் 2012–13இல் துரு பரவி, குவாத்தமாலாவும் ஹோண்டுராஸும் கோஸ்டாரிகாவும் நெருக்கடி நிலை அறிவித்தன. ஹோண்டுராஸ் நம்பியிருந்த லெம்பிரா என்ற கட்டிமோர் ரகமும் சில வருஷத்தில் எதிர்ப்பை இழந்தது. அங்கேதான் இப்போது பேசப்படும் எஃப்-1 வீரிய ஒட்டுகளுக்குக் கூட்டம் கூடியது.

மக்காச்சோளமும் தக்காளியும் போடுகிறவர்களுக்கு வீரிய ஒட்டு புதிதல்ல. தூரத்து உறவான இரண்டு பெற்றோரைச் சேர்த்தால் முதல் தலைமுறைப் பிள்ளைகள் இருவரையும் விஞ்சும் வேகத்தோடு வளரும். அராபிகாவில் பழைய முறைப்படி ஒரு ரகத்தை நிலைப்படுத்த ஐந்தாறு தலைமுறை வேண்டும். விதை முளைத்துக் காய்க்க மூன்று நான்கு வருஷம். ஒரு வருஷம் காய்த்து மறு வருஷம் ஓய்கிற செடியாதலால் நான்கு விளைச்சலாவது பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. கூட்டிப் பார்த்தால் ஓர் ஆராய்ச்சியாளரின் பணிக்காலம் முழுவதும் ஒரு ரகத்துக்கே போய்விடும். எஃப்-1 அந்த நீளத்தைப் பாதிக்கும் கீழே வெட்டுகிறது. பிரெஞ்சு நிறுவனமான சிராடும் கோஸ்டாரிகாவின் காட்டி நிலையமும் மத்திய அமெரிக்க நாடுகளின் கூட்டமைப்பும் சேர்ந்து, திமோர் ஹைபிரிட் வழிவந்த ஒன்றையும் இன்றைய தென்சூடானில் போமா பீடபூமியிலிருந்து வந்த ரூமே சூடான் என்ற பழைய அராபிகாவையும் இணைத்துச் ‘சென்ட்ரோஅமெரிக்கானோ’வை உண்டாக்கின. விளைச்சல் கூடுதல், துரு தாங்கும். ரோபஸ்டா ரத்தம் கலந்தால் சுவை போகும் என்று அலுத்துக்கொண்டவர்களுக்கு, 2017இல் நிகராகுவாவின் தரப் போட்டியில் அது இரண்டாம் இடம் பிடித்துப் பதில் சொன்னது.

பிறகு சிக்கல் எங்கே? முதலில் சொன்ன இரண்டு விதையில். எஃப்-1 செடியின் விதையைப் போட்டால் தாயைப் போலப் பிள்ளை வராது. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றுக்கு எதிர்ப்பு உண்டு, மற்றதுக்கு இல்லை. பேரப்பிள்ளைகள் நாலா திசையிலும் சிதறும். ஆகவே ஒவ்வொரு நாற்றையும் புதிதாக உண்டாக்கியாக வேண்டும். கென்யா 1985இல் வெளியிட்ட ரூயிரு 11க்கு ஆட்களை வைத்துப் பூ பூவாகக் கைச்சேர்க்கை செய்தார்கள். விவசாயிகள் கேட்ட அளவுக்கு விதை கிடைக்கவில்லை. சென்ட்ரோஅமெரிக்கானோவைத் திசு வளர்ப்பில் பெருக்குகிறார்கள். நாற்று சாதாரண நாற்றைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. பெரிய எஸ்டேட் வாங்கும். இரண்டு ஏக்கர்க்காரர் என்ன செய்வார்? விலைக்கு வாங்கியவரின் தோட்டத்திலிருந்து விதை பொறுக்கிக்கொள்வார். நான்கு வருஷம் கழித்துத்தான் தெரியும் ஏமாந்தது.

இதற்கு ஒரு விடையும், வழக்கம்போல, யாரோ கவனித்த ஒரு செடியிலிருந்து வந்தது. காட்டியின் சேகரிப்பில் 2001இல் மகரந்தமே உண்டாகாத ஒரு அராபிகாச் செடியைக் கண்டார்கள். பார்த்தால் ஊனம், யோசித்தால் வரம். அதன் அரும்பில் இடுக்கி போட வேண்டியதே இல்லை. பக்கத்தில் மார்செயெசா என்ற ரகத்தை நட்டுவிட்டால் காற்றும் தேனீயும் மீதியைச் செய்யும்; தாய்ச்செடியில் காய்ப்பதெல்லாம் ஒட்டு விதைதான். ஸ்டார்மாயா அப்படிப் பிறந்தது, விதைத் தோட்டத்தில் விதையாகவே பெருக்கக்கூடிய முதல் காப்பி எஃப்-1. கென்ட்ஸ், தூப்ளா, திமோர், இந்த மகரந்தமில்லாச் செடி என்று வரிசையாகப் பார்த்தால், காப்பி இனவிருத்தியின் பெரிய திருப்பங்கள் எதுவும் திட்டமிட்டு நடக்கவில்லை. தோட்டத்தில் நடந்தவர் ஒருவர் நின்று பார்த்ததால் நடந்தவை.

நம் மலைகளுக்கு வருவோம். தமிழ்நாட்டுக் காப்பி இந்திய விளைச்சலில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். ஆனால் ஏற்காட்டிலும் கீழ்ப்பழனி மலையிலும் பெரும்பாலும் அராபிகா. இங்கே செடியைக் கொல்வது துருவை விட வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வண்டு பட்டையில் முட்டையிட, புழு தண்டைக் குடைந்து மாவாக்கிவிடும். இலை மஞ்சளாகும்போது காரியம் கைமீறியிருக்கும். செடியைப் பிடுங்கி எரிப்பதே வழி. எஸ்.795க்கும் சந்திரகிரிக்கும் இதற்கெதிரான கவசம் இல்லை. ரோபஸ்டா தாங்குகிறது. இந்தியக் காப்பியில் பத்தில் ஏழு பங்கு இன்று ரோபஸ்டாவாகிவிட்டதற்கு ஒரு காரணம் இந்த வண்டு. துருவுக்காக எண்பது தொண்ணூறு வருஷம் செலவழித்த அக்கறையில் பாதியைத் தண்டுத் துளைப்பானுக்குக் காட்டியிருந்தால் அராபிகா இவ்வளவு பின்வாங்கியிருக்காது என்பது என் எண்ணம். ரோபஸ்டாவிடமிருந்து துரு எதிர்ப்பை வாங்கிய கையோடு இதையும் வாங்க முடியுமா என்பதுதான் அடுத்த தலைமுறை ஆராய்ச்சியாளர் முன்னுள்ள கேள்வி. அது ஐந்து வருஷத் திட்டத்தில் முடிகிற வேலை இல்லை; சம்பளமும் நிலமும் முப்பது வருஷத்துக்கு உறுதியாக இருக்கிற பொது நிறுவனத்தால்தான் முடியும்.

அதுவரை மறுநடவு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்று வாங்கும்போது ரகத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். விதை எந்தத் தாய்ச்செடியிலிருந்து வந்தது என்றும் கேளுங்கள். குட்டைச் செடியெல்லாம் சந்திரகிரி அல்ல. கீழ்ப்பழனியில் இருப்பவர்களுக்குத் தாண்டிக்குடியிலேயே காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காப்பி விதை நெல்லைப் போலக் குதிரில் கிடக்காது. சில மாதத்தில் முளைப்புத் திறன் போய்விடும். டிசம்பரில் பறித்த விதை பிப்ரவரிக்குள் பாத்தியில் இருக்க வேண்டும். ஆகவே கேட்டு வைக்க வேண்டிய காலம், செடியில் பழம் இன்னும் பச்சையாக இருக்கும்போது.